பேச்சுக் கருவியோடு புதுப் பள்ளிக்குப் போகும் குழந்தை: எப்போது, யாரிடம், என்ன பேசுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். மகளுக்கு வயது பதினொன்று. பேச்சு தெளிவாக வராது. டேப்லெட்டில் இருக்கும் படச்சொற்களைத் தொடுவாள், அது அவளுக்காகப் பேசும். இதுவரை சின்னப் பள்ளியில் ஒரே ஆசிரியையிடம் இருந்தாள். இனிப் போகும் பள்ளி பெரியது, பாடத்துக்கு ஓர் ஆசிரியர். டேப்லெட் பழைய பள்ளி கொடுத்தது. புதுப் பள்ளியின் தலைமையாசிரியை, "முதல் ஒரு மாதம் கருவி இல்லாமல் மற்றப் பிள்ளைகளோடு பழகட்டும், அப்புறம் கொண்டுவரலாம்" என்கிறார். எப்போது ஆரம்பிப்பது, யாரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஒரு மாத யோசனைக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளாதீர்கள். தலைமையாசிரியை நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு வகுப்பு, யார் பேசுவார், யார் பேசமாட்டார் என்று முடிவு கட்டுவது முதல் சில நாட்களில்தான். யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாரை விளையாட்டுக்குக் கூப்பிடுவது எல்லாம் அப்போதே ஏறக்குறைய தீர்மானமாகிவிடும். ஒரு மாதம் பேசாமல் இருந்த பெண் அதன்பிறகு கருவியோடு வந்தால், அவளுக்குப் பதில் தானே பேசிவிடும் பழக்கம் அதற்குள் பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு வந்திருக்கும். இந்த இடத்தில் கருவி தேவையில்லை போல என்று உங்கள் மகளும் நினைத்துக்கொள்வாள்.

சண்டை போடவும் வேண்டாம். "உங்களுக்கு எதில் தயக்கம்?" என்று கேளுங்கள். உடைந்துவிடுமோ, தொலைந்துவிடுமோ, வகுப்பில் சத்தம் வருமோ, மற்றப் பிள்ளைகள் தங்களுக்கும் டேப்லெட் கேட்பார்களோ... பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கெட்டியான உறை, யார் பொறுப்பு என்று எழுதிய ஒரு தாள், ஒலி அளவு பற்றிய ஓர் ஒப்பந்தம் என்று எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. அவர் இறங்கி வரவில்லை என்றால் மட்டும் உரிமையைப் பேசுங்கள். 2006-இல் நிறைவேறிய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, பிரெயிலையும் இப்படிப்பட்ட மாற்றுத் தொடர்பு முறைகளையும் 'தொடர்பு' என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதன் 24-வது பிரிவு கல்வி பற்றியது. அதாவது டேப்லெட்டை விட்டுவிட்டு வரச் சொல்வதும், மற்ற ஒரு பிள்ளையிடம் ஒரு மாதம் வாய் திறக்காதே என்று சொல்வதும் ஒன்றுதான். கருவியைத் தண்டனையாகப் பிடுங்கி வைப்பதற்கும் இது பொருந்தும். அவள் என்ன குறும்பு செய்தாலும் பேச்சை எடுத்து வைக்கக் கூடாது என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்து, டேப்லெட் யாருடையது என்ற விஷயம். பலர் கவனிக்காமல் விட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான். பள்ளி கொடுத்தது என்றால், பள்ளியை விட்டுப் போகும்போது திருப்பிக் கேட்பார்கள். அதோடு போவது கண்ணாடியும் பேட்டரியும் மட்டுமில்லை. நான்கைந்து வருடமாக அவளுக்கென்று சேர்த்த சொற்கள், உறவினர் படங்கள், கிண்டல் வாக்கியங்கள் எல்லாமே அதில்தான் இருக்கின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆப் வாங்கிய கணக்கும், இணையச் சேமிப்பில் (கிளவுட்) உள்ள கோப்பும் பெரும்பாலும் பள்ளியின் மின்னஞ்சல் முகவரியில் இருக்கும். மாணவர் பட்டியலிலிருந்து பெயர் எடுத்ததும் அந்தக் கணக்கும் மூடப்படலாம்.

அதனால் பள்ளி மாறுவதற்கு ஐந்தாறு மாதம் முன்பே, பழைய பள்ளியிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள். கருவியை எப்போது திருப்ப வேண்டும்? உங்களுக்கோ புதுப் பள்ளிக்கோ அதை மாற்றித் தர முடியுமா? ஆப்பின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது? புதுக் கருவி வரும்வரை பழையதை விடுமுறைக்காவது வைத்திருக்க விடுங்கள் என்றும் கேளுங்கள். பல பள்ளிகள் சம்மதிக்கும், கேட்கத்தான் ஆளில்லை. சொற்கோப்பை ஏற்றுமதி செய்து, உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். அதே ஆப் உள்ள வேறொரு டேப்லெட்டில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். படங்கள் வருகின்றனவா, நீங்கள் பதிவு செய்த குரல்கள் வருகின்றனவா? திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்வதில்லை. ஒரு ஆப்பின் கோப்பு இன்னொரு ஆப்பில் பொதுவாகத் திறக்காது. சில ஆப்கள் மட்டும் ஓபன் போர்டு ஃபார்மேட் என்ற பொது வடிவத்தை ஏற்கின்றன. ஆகவே புதுப் பள்ளி, "எங்களிடம் வேறு ஆப் இருக்கிறது, அதைத் தருகிறோம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்.

ஏன் என்றால், சொற்கள் எங்கே இருக்கின்றன என்பதை அவள் விரல்தான் நினைவு வைத்திருக்கிறது. 'இன்னும்' என்ற சொல் மேல் வரிசையில் வலது மூலையில் இருந்தால், அவள் படத்தைத் தேடுவதில்லை. தட்டச்சு தெரிந்தவர் விசைகளைப் பார்க்காமல் அடிப்பது போல கை தானாகப் போகும். அமைப்பு மாறினால் அந்த வேகம் முழுக்கப் போய்விடும். கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும், புது ஆசிரியர் 'அழகாக' வரிசைப்படுத்தினாலும் இதே கதிதான். எனவே இருக்கும் சொற்களை நகர்த்தாமல், காலியாக உள்ள கட்டங்களில் மட்டும் புதியவற்றைச் சேர்க்க வேண்டும். திருத்தும் பகுதிக்குப் பாஸ்வேர்டு போட்டு, அதை இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள்.

புதிதாக என்ன சேர்ப்பது? ஆசிரியர்களின் பெயர்கள், அறைகள், பாடங்கள், கழிப்பறை, நூலகம். இதெல்லாம் எல்லோருக்கும் தோன்றும். தோன்றாமல் போவது அந்த வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசும் பேச்சு. "போடா", "சும்மா சொன்னேன்", "எனக்கும் காட்டு", "இது போர் அடிக்குது." இவை இல்லாமல் பாடச்சொற்களை மட்டும் நிரப்பி அனுப்பினால் அவள் ஆசிரியர்களோடு மட்டும் பேசும் பெண்ணாகிவிடுவாள். புதுப் பள்ளியில் பிள்ளைகள் இப்போது என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, அவள் வயதுப் பிள்ளை ஒருவரிடமே கேளுங்கள். இன்னொன்று: "கொஞ்சம் பொறுங்க, நான் சொல்லிட்டிருக்கேன்" என்று ஒரே தொடுதலில் வரும் வாக்கியம் கட்டாயம் வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட 'யாரிடம் என்ன சொல்வது'. கருவியைப் பையில் வைத்து அனுப்பிவிடலாம். அதைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரிந்தவற்றை அப்படி அனுப்ப முடியாது. பள்ளி மாறும்போது உண்மையில் தொலைவது அதுதான். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பிடிக்காத வேலை வந்தால் 'உணர்வுகள்' பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு எதையும் தொடாமல் இருப்பான். பழைய ஆசிரியைக்கு அது "இப்போது வேண்டாம், கொஞ்ச நேரம் கழித்துச் செய்கிறேன்" என்று தெரியும். இரண்டு நிமிடம் விட்டுவிடுவார், அவனே வேலைக்கு வந்துவிடுவான். புதுப் பள்ளியில் அதைப் பார்த்தவர், கருவியை வைத்து விளையாடுகிறான் என்று நினைத்துப் பக்கத்தை மூடினார். அவன் திரும்பத் திறந்தான். அவர் திரும்ப மூடினார். மூன்றாவது முறை அவன் டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்துவிட்டான். 'முரண்டு பிடிக்கிறான்' என்று குறிப்பேட்டில் ஏறிவிட்டது. அவனுடைய மருத்துவ அறிக்கையைப் புரட்டினாலும் இந்தப் பழக்கத்தைப் பற்றி ஒரு வரி கிடைக்காது.

இந்த மாதிரித் தகவலை எடுக்க வேண்டும் என்றால், அது தெரிந்தவர்கள் கூடவே இருக்கும்போது எடுக்க வேண்டும். கடைசி வாரத்தில் பழைய ஆசிரியைக்கு மூச்சு விட நேரம் இருக்காது. இரண்டு மூன்று மாதம் முன்பே உட்காருங்கள். "அவள் எப்படி 'மாட்டேன்' சொல்வாள்? களைத்துப்போனால் எப்படித் தெரியும்? பதில் வர எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? எந்தப் பாட வேளையில் கருவியைத் தொடுவதே இல்லை, ஏன்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எல்லாம் ஒரே பக்கத்தில் அடக்குங்கள். நாற்பது பக்கக் கோப்பும் கொடுக்கலாம், அது அலமாரிக்குத்தான். அந்த ஒரு பக்கத்தை அவளே பேசுவது போல எழுதுவது நல்லது: "நான் பதில் சொல்ல நேரமாகும். கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், முதலிலிருந்து யோசிக்க வேண்டியதாகிவிடும்." கூடவே இரண்டு நிமிட வீடியோ ஒன்று. அவள் ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்வதும், ஆசிரியை காத்திருப்பதும், தவறாகப் புரிந்துகொண்டவரை அவள் திருத்துவதும் அதில் இருக்கட்டும். புதியவர்கள் இந்தப் பெண்ணால் என்ன முடியும் என்று நம்புவதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்பதால் உங்களுக்கு வேலை கூடும். ஒருவருக்குச் சொல்லி அவர் மற்றவர்களுக்குச் சொல்வார் என்று இருந்துவிடாதீர்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் ஆசிரியர்கள் கூடும் நாளில் இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். மகளுக்குச் சம்மதம் என்றால் அவளே வந்து தன் கருவியைக் காட்டட்டும். ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு முறை அந்தக் கருவியில் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்க்கட்டும். எத்தனை மெதுவாக வருகிறது என்று கையில் பிடித்துப் பார்த்தால்தான் காத்திருக்கும் பொறுமை வரும். ஆசிரியர்கள் அவளோடு பேசும்போது தாங்களும் இடையிடையே அவளுடைய திரையில் சில சொற்களைத் தொட்டுக் காட்டிப் பேச வேண்டும். குழந்தை ஒரு மொழியைக் கேட்டுக் கேட்டுத்தானே பேசக் கற்கிறது? இந்த மொழியை அவளோடு பேசுகிறவர்களும் வேண்டாமா? பொறுப்பாளர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு மாற்றாக இன்னொருவரும் இருக்க வேண்டும். அந்த ஒருவர் விடுப்பில் போன அன்றுதான் சார்ஜ் தீரும்.

புதுக் கட்டடத்தை மகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். ஜாய் ஜபாலா என்பவர் வகுத்த ஒரு முறை இந்தத் துறையில் வெகுவாகப் புழங்குகிறது. முதலில் மாணவர், அடுத்து சூழல், அடுத்து அங்கே செய்ய வேண்டிய வேலை, கடைசியில்தான் கருவி என்று யோசிக்கச் சொல்வார். பள்ளி மாறும்போது மாணவர் அதே ஆள்தான், ஆனால் சூழலும் வேலையும் மாறிவிடுகின்றன. அப்போது பழைய கருவி அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெயிலடிக்கும் மைதானத்தில் திரை தெரிகிறதா? சாப்பாட்டு நேர இரைச்சலில் அதன் குரல் கேட்கிறதா? மாடிப்படி ஏறும்போது அதை எப்படித் தூக்குவாள், தோளில் தொங்கவிட வார் வேண்டுமா? ஆய்வகத்தில் தண்ணீர் படுமா? வகுப்புக்கு வகுப்பு மாறும் நான்கு நிமிடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள், அப்போது கருவி பைக்குள் இருக்குமா, கையில் இருக்குமா?

பள்ளியின் கணினி ஆளையும் பாருங்கள். இவரை யாரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை, ஆனால் முதல் வாரச் சிக்கலில் பாதி இவர் மேசையில்தான் வந்து நிற்கும். பள்ளி வைஃபையில் வெளியிலிருந்து வரும் கருவி சேருமா? இணையத் தடுப்பு ஆப்பின் சேமிப்பை மறிக்குமா? சொல்வதை எழுதித் தரும் வசதிகளில் பல, இணையம் இல்லாமல் ஓடாது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையாக இருந்தால், ஆய்வகக் கணினியில் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள்) நிறுவ அனுமதி உண்டா என்றும் கேட்க வேண்டும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் பென்டிரைவிலிருந்தே நிறுவாமல் இயக்கலாம். ஆனால் பென்டிரைவே செருகக் கூடாது என்று வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு.

இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்காகச் சில வார்த்தை. பிரெயில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி மாற்றத்தில் முதல் எதிரி நேரம். பாடநூல் பட்டியலை அட்மிஷன் அன்றே வாங்குங்கள். கணக்கு, அறிவியல் நூல்களைப் பிரெயிலாக்க மாதக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே எங்காவது ஆக்கி வைத்திருக்கிறார்களா என்றும் தேடுங்கள். 2013-இல் கையெழுத்தாகி 2016-இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே இத்தகைய நூல்களைப் பகிர வழி செய்திருக்கிறது. பயிற்றுமொழி மாறினால் பிரெயில் குறியீடும் திரைவாசிப்பானின் குரலும் சேர்ந்தே மாறும், அதற்குப் பழகத் தனியாக நாள் வேண்டும். ஆசிரியர்களிடம் ஒரு சின்ன விஷயம் சொல்லி வையுங்கள்: யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்பைத் திரைவாசிப்பான் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். படமாக ஸ்கேன் செய்த பக்கம் என்றால் அதுவும் இல்லை, வெறும் மௌனம்தான்.

காது கேட்கும் கருவி உள்ள பிள்ளைக்கு எதிரி அறை. கருவி நன்றாக வேலை செய்வது பேசுபவர் அருகில் இருக்கும்போதுதான். உயரமான கூரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் மேல் விழும். வகுப்பறைகளுக்கான அமெரிக்கத் தரநிலை, சாதாரண அளவு அறை ஆளில்லாமல் இருக்கும்போது பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்குள்ளும், எதிரொலி அடங்கும் நேரம் 0.6 வினாடிக்குள்ளும் இருக்கச் சொல்கிறது. உங்கள் பள்ளி அறையை அளக்க ஆள் இல்லை என்றால், நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், ஓரளவு தெரிந்துவிடும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டுவதும் திரைச்சீலை போடுவதும் பெரிய செலவில்லாத வேலைகள். ஆசிரியர் அணிந்து, அவர் குரலை நேரே பிள்ளையின் கருவிக்கு அனுப்பும் மைக் இருந்தால், ஒவ்வொரு பாட வேளையிலும் அதை அடுத்தவரிடம் கொண்டுபோவது யார் என்று முடிவு செய்யுங்கள். பின் வரிசைப் பிள்ளை கேட்ட கேள்வி அந்த மைக்கில் விழாது, ஆசிரியர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். வகுப்பை விட்டு வெளியே போகும்போது மைக்கை அணைக்கவும் சொல்லுங்கள். ஆசிரியர் அறையின் அரட்டை முழுக்கக் கேட்ட பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்!

எழுதுவதற்கு மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்குத் தேர்வு அனுமதிதான் முக்கியம். அன்றாட வகுப்பிலும் இதே கருவியில்தான் எழுதுகிறாரா என்பதற்குச் சான்று கேட்கும் தேர்வு அமைப்புகள் பல உண்டு. பழைய பள்ளியில் அப்படி எழுதிய தாள்களையும், முன்பு கிடைத்த அனுமதிக் கடிதங்களையும் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.

சரி, உங்கள் மகளுக்கே வருவோம். இத்தனை பேரோடு பேசச் சொல்லிவிட்டேன். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் அவளோடு பேசியிருக்க வேண்டும். உதவிக் கருவிகள் ஏன் மூலையில் போடப்படுகின்றன என்று 1993-இல் பிலிப்ஸ், ஜாவ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. பெரியவர்களைக் கேட்டுச் செய்தது, பள்ளிப் பிள்ளைகளை அல்ல. அவர்கள் வாங்கிய கருவிகளில் 29.3 சதவீதம் கைவிடப்பட்டிருந்தன. அதற்குக் கண்ட காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது. இன்னொன்று, தேவைகள் மாறிப்போனது. பதினொரு வயதில் இரண்டும் சேர்ந்தே வரும். ஏழு வயதில் பிடித்த பூ போட்ட உறையும் கீச்சுக் குரலும் இப்போது அவளுக்கு வெட்கமாக இருக்கலாம். குரலை மாற்றிக் கேட்கட்டும், உறையை அவளே தேர்ந்தெடுக்கட்டும். வகுப்பில் தன்னைப் பற்றி யார் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதையும் அவளிடமே விடுங்கள். கருவி எப்படி வேலை செய்கிறது என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும். அவளுக்கு என்ன நோய்க்குறி என்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கருவி பழுதாகும் நாளும் வரும். திரையில் உள்ள முதல் பக்கத்தை அதே அமைப்பில் அச்சிட்டு, லேமினேட் செய்து, பையில் ஒன்றும் வகுப்பில் ஒன்றும் வையுங்கள். விரலால் காட்டினால் போதும், பேச்சு நிற்காது. பழுது பார்க்க அனுப்பினால் மாற்றுக் கருவி யார் தருவார் என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரம் அவள் முன்பைவிடக் குறைவாகத்தான் பேசுவாள். புது முகங்கள், புது இரைச்சல், அதோடு நாள் முழுக்க இருக்கும் களைப்பு. இதைப் பார்த்து "கருவி இவளுக்குச் சரிப்படவில்லை" என்று யாராவது சொன்னால், ஒரு பருவம் முடியட்டும் என்று சொல்லுங்கள். ஆனால் சும்மா காத்திருக்கவும் வேண்டாம். ஆறாவது வாரத்தில் ஒரு கூட்டம் என்று இப்போதே தேதி குறித்துவிடுங்கள், பழைய ஆசிரியையையும் தொலைபேசியிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை சொல் பேசினாள் என்ற கணக்கு வேண்டாம். யார் யாரோடு பேசினாள், எதற்காகப் பேசினாள் என்று கேளுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும்தான் சொல்கிறாள், தானாக எதையும் ஆரம்பிப்பதில்லை என்றால், எந்தெந்த நேரத்தில் கருவி அவள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது என்று பாட வேளை வாரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மேசையின் அடுத்த முனையிலோ, ஆசிரியரின் அலமாரியிலோ இருந்திருக்கும்.